‘நார்மல்’ என்பது யாருடைய மூச்சு?

(கல்லூரி அரங்கு ஒன்றில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். மாணவர்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல உயரம். கையில் எங்கோ எடுத்த மூச்சுப் பரிசோதனைத் தாள். உட்காருவதற்கு முன்பே, “சார், எனக்கு ஐம்பத்திரண்டு வந்திருக்கு. ஐம்பதுதான் லிமிட்டாம். ரெண்டு ஜாஸ்தி” என்றார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றார். இரவில் இழுப்பு உண்டா என்று கேட்டேன். இல்லை. மாடி ஏறினால் இளைக்கிறதா? இல்லை. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல் போடுவார். அது சின்ன வயதிலிருந்தே உண்டு. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருக்கு அந்த 2 தான் கண்ணில் நின்றது. நாற்பத்தொன்பது வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்த ஐம்பதை யார் போட்டார்கள்? இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது அதைத்தான்.

முதலில் என்ன அளக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயு மிகச் சிறிதளவு இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் அதை உண்டாக்குகின்றன. ஒவ்வாமை வகை அழற்சி இருந்தால் அந்தச் செல்கள் கூடுதலாக உண்டாக்கும். பரிசோதனையை மருத்துவர்கள் ஃபீனோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அளவு பிபிபி என்ற அலகில் வரும். நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு. ஐம்பது பிபிபி என்றால் எவ்வளவு என்று பார்க்க, இந்தியாவின் 140 கோடிப் பேரையும் ஓரிடத்தில் நிறுத்தி அதில் 70 பேரை மட்டும் தேடி எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஆசிரியர் கவலைப்பட்ட அந்த 2, மூன்று பேருக்கும் குறைவு.

மூச்சை அளந்து ‘இது சரி, இது குறைவு’ என்று சொல்லும் வழக்கம் புதிதல்ல. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த பாத்திரம் ஒன்றைக் கொண்டு ஸ்பைரோமீட்டர் என்ற கருவியைச் செய்து, 1846இல் தன் கணக்கை வெளியிட்டார். 2,130 பேரை ஊத வைத்திருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு சந்தைக் கூட்டம் போல இருக்கும்: மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், மல்லர்கள், அரண்மனைக் காவல் படையினர், ஏழைகள் விடுதியில் இருந்தவர்கள், கனவான்கள். அவர் கண்டுபிடித்த முக்கியமான உண்மை, உயரம் ஏற ஏற நுரையீரலின் கொள்ளளவும் ஏறுகிறது என்பது. ஐந்து அடிக்கும் ஆறு அடிக்கும் இடையில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டு கன அங்குலம் என்று கணக்கே போட்டார். ‘உங்கள் அளவு சரியா’ என்று கேட்பதற்கு முன் ‘நீங்கள் எவ்வளவு உயரம்’ என்று கேட்க வேண்டும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இந்தக் கருவியை ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போய், 1861இல் ஃபிஜித் தீவில் இறந்தார்.

நைட்ரிக் ஆக்சைடு கதை அதற்கு நூற்றைம்பது ஆண்டு பிந்தியது. அதுவரை அது வண்டிப் புகையில் இருக்கும் கெட்ட வாயு, அவ்வளவுதான். உடம்பே அதைத் தயாரித்து, ரத்தக் குழாய்களை விரிக்கும் தூதாகப் பயன்படுத்துகிறது என்று 1980களில் தெரிந்தது. அந்த வேலைக்காக மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 1991இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் குஸ்டாஃப்சனும் சகாக்களும் முயல், கினிப் பன்றி, மனிதன் ஆகிய மூவர் மூச்சிலும் இந்த வாயு இருப்பதைக் காட்டினார்கள். இரண்டே ஆண்டில், ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் இது அதிகம் என்று அதே நகரத்திலிருந்து அடுத்த கட்டுரை வந்தது.

உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஊத வைக்கத் தொடங்கின. அப்போதுதான் குழப்பம் வந்தது. ஓரிடத்தில் ஆரோக்கியமானவருக்கு 7 என்றார்கள், இன்னோரிடத்தில் 20, வேறோரிடத்தில் அதற்கும் மேல். எல்லோரும் நேர்மையாகத்தான் அளந்தார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு வேகத்தில் ஊத வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேகத்துக்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம்? இருபுறமும் மல்லிகைப் பந்தல் போட்ட ஒரு சந்து. அதில் மெதுவாக நடந்து வந்தால் சட்டையெல்லாம் பூ வாசனை ஏறியிருக்கும். சைக்கிளில் விர்ரென்று கடந்தால் ஒன்றும் ஒட்டாது. மூச்சுக்குழாய்ச் சுவர்தான் அந்தப் பந்தல். வாயு அங்கிருந்து கசிகிறது. காற்று மெல்ல வெளியேறினால் நிறைய அள்ளிக்கொண்டு வரும். வேகமாக வந்தால் கொஞ்சம்தான். 1997இல் டொராண்டோவில் சில்காஃப் குழுவினர், நொடிக்கு 4 மில்லி என்ற ஆமை வேகத்திலிருந்து 1,550 மில்லி வரை ஒரே ஆட்களை வெவ்வேறு வேகத்தில் ஊத வைத்துப் பார்த்தார்கள். அளவு ஏறத்தாழ 35 மடங்கு மாறியது. ஆள் அதே ஆள், நுரையீரல் அதே நுரையீரல். அன்றைக்கு ‘நார்மல்’ என்று அச்சிட்டிருந்த எண்களில் பாதி, நுரையீரலைப் பற்றிச் சொன்னதை விட ஊதிய வேகத்தைப் பற்றித்தான் அதிகம் கூறின என்பது என் கணிப்பு.

ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கம் ஒரு வேகம் சொன்னது, அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இன்னொன்று சொன்னது. இரண்டும் சேர்ந்து நொடிக்கு 50 மில்லி என்று ஒரே விதியாக எழுதியது 2005இல்தான். பெரியவர்களைப் பெரும்பாலும் பத்து விநாடி ஊத வைப்பார்கள். அதாவது ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட் கொள்ளும் காற்றைப் பத்து விநாடிக்கு நிதானமாக விட வேண்டும். செய்து பாருங்கள், நினைப்பது போல எளிதல்ல. நம் ஆட்கள் ‘ஊதுங்க’ என்றதும் பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பது போல ஒரே ஊதலில் முடித்துவிடுவார்கள்.

மூக்கு இன்னொரு தொல்லை. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகளில் இந்த வாயு நுரையீரலில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. அதில் ஒரு துளி கலந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். அதனால் கருவியின் வாயில் சிறு தடை வைத்திருப்பார்கள். பலூன் ஊதும்போது மூக்கு வழியாகக் காற்று போகிறதா? போகாது. எதிர்த்து ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கின் கதவைச் சாத்திவிடும். அந்தச் சின்ன உடற்கூற்று உண்மையை நம்பித்தான் இந்தப் பரிசோதனையே நிற்கிறது. அதே போல, வெளிக் காற்றில் வண்டிகள் கக்கிய நைட்ரிக் ஆக்சைடு இருக்குமே, அதை உள்ளே இழுத்துத் திருப்பி விட்டால்? ஆகவே இழுக்கும் காற்றை வடிகட்டி வழியாகத்தான் இழுக்க வேண்டும்.

பிறகு சாப்பாடு. பீட்ரூட், பசலைக்கீரை போன்றவற்றில் நைட்ரேட் அதிகம். சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு மூச்சில் அளவு ஏறும். நம் ஆசிரியரிடம் கேட்டேன். பரிசோதனைக்குப் போன அன்று மதியம் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தார்! அது எவ்வளவு ஏற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஊதுவதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சரி, எல்லோரும் ஒரே வேகத்தில், மூக்கைச் சாத்திக்கொண்டு, வெறும் வயிற்றில் ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நார்மல் அளவைக் கண்டுபிடிக்க ஆரோக்கியமானவர்களைக் கொண்டுவாருங்கள் என்கிறேன். யாரைக் கொண்டுவருவீர்கள்?

பார்க்க எளிதாகத் தோன்றினாலும் இந்தத் துறையில் ஆகக் கடினமான கேள்வி இதுதான். ஆரோக்கியமானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆரோக்கியமானவர்கள் நர்சுகள், லேப் பணியாளர்கள், மருத்துவ மாணவர்கள், நோயாளிக்குத் துணைக்கு வந்த மச்சினன். உலகத்தின் பல ‘நார்மல்’கள் இப்படித்தான் பிறந்தன. இளம் வயது, படித்தவர்கள், நகரவாசிகள். அறுபத்தைந்து வயது விவசாயி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் அளவுகோல் அவருக்கும் சேர்த்துத்தான்.

புகைப்பவர்களை நீக்க வேண்டும். ஏனென்றால் சிகரெட் இந்த வாயுவின் அளவைக் குறைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர் வந்து ஊதிவிட்டு, “பதினஞ்சுதான் டாக்டர், நார்மல்” என்று கம்பீரமாகப் போகலாம். தாள் அவருக்குச் சாதகமாகப் பேசும், நுரையீரல் பேசாது. ஆஸ்துமாக்காரர்களை நீக்க வேண்டும். அதில் விவாதம் இல்லை. சளி பிடித்தவரை நீக்க வேண்டும். வைரஸ் தொற்று அளவை ஏற்றும். தும்மல்காரரை? இங்கே ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சி. மூக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு மூச்சிரைப்பு இல்லாமலே அளவு ஏறியிருக்கும். அவரை வைத்துக்கொண்டால் எல்லை மேலே போகும், லேசான ஆஸ்துமா தப்பிவிடும். அவரை வெளியேற்றினால் எல்லை கீழே வரும், ஊரில் தும்முகிறவர்கள் எல்லாம் நோயாளி ஆவார்கள். என்னைக் கேட்டால் வைத்துக்கொண்டு, தனிக் குழுவாக எண்ண வேண்டும் என்பேன். ஒவ்வாமை இல்லாதவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் கிடைப்பது ஆரோக்கியமான ஊர் அல்ல, காட்சிக்கு வைத்த ஊர்.

அமெரிக்காவில் நாடு தழுவிய உடல்நலக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2010 வரை இந்தப் பரிசோதனையையும் சேர்த்தார்கள். ஆறு வயது முதல் எண்பது வரை 13,275 பேருடைய அளவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் மேல் எல்லை பெண்களுக்கு 39, ஆண்களுக்கு 54. பதினைந்து பிபிபி வித்தியாசம். நம் ஆசிரியரின் 52 அந்த ஆண்கள் கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவருடைய மனைவிக்கு அதே 52 வந்திருந்தால் நான் வேறு விதமாக யோசித்திருப்பேன். உயரத்தின் பங்கும் உண்டு; ஹட்சின்சன் சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற அளவு ஏறும்.

இந்த அளவுகளுக்கு இன்னொரு குணம். ஒரு தெருவில் இருபது வீடு. பத்தொன்பது வீட்டில் மாதச் சம்பளக்காரர்கள், ஒரு வீட்டில் நகைக்கடை முதலாளி. தெருவின் சராசரி வருமானம் என்று கணக்குப் போட்டால், அந்தச் சராசரி அளவுக்குச் சம்பாதிக்கிறவர் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடும் அப்படித்தான். பெரும்பாலோர் கீழே நெருக்கி நிற்க, சிலர் மட்டும் நெடுந்தூரம் மேலே போய் நிற்பார்கள். சாதாரணக் கூட்டல் சராசரி இங்கே ஏமாற்றும். அதனால்தான் எண்களை மடக்கைக்கு மாற்றிக் கணக்குப் போடுகிறோம். பள்ளியில் மடக்கை வாய்பாடு படித்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்டிருப்பீர்கள். இதற்கு உதவுகிறது.

‘நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து’ என்றேனே, அதையும் திருப்பிப் பாருங்கள். மீதி ஐந்து பேர் யார்? அவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். கோட்டை அங்கே போட்டதால் மட்டுமே வெளியே நிற்கிறார்கள். பின்லாந்தில் ரால்ஃப் கிரேஸ்பெக், சாரிஸ் என்ற இருவர் 1969இலேயே இந்தச் சிக்கலைப் பார்த்து, ‘நார்மல் அளவு’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள், ‘ஒப்புநோக்கு அளவு’ என்று சொல்லுங்கள் என்றார்கள். எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது அந்தச் சொல்லிலேயே தொக்கி நிற்கும். லேப் தாள்களில் இன்றைக்கு அந்தச் சொல் ஏறிவிட்டது. நம் வாயில்தான் ‘நார்மல்’ போகவில்லை. இந்த உரைக்கு நானே அப்படித்தான் தலைப்பு வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஐம்பதுக்கு வருவோம். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011இல் வழிகாட்டி எழுதியபோது, ஒப்புநோக்கு அளவை நம்பாமல், வெட்டுப்புள்ளி என்ற வேறு வழியை எடுத்தது. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே இருந்தால் ஒவ்வாமை வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 50க்கு மேல் இருந்தால் வாய்ப்பு அதிகம், இன்ஹேலர் ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யக்கூடும். நடுவில் இருந்தால் ஆளைப் பார்த்து முடிவெடுங்கள். குழந்தைகளுக்கு 20, 35. கவனியுங்கள், ‘ஆரோக்கியமானவரா’ என்ற கேள்வியே இதில் இல்லை. ‘மருந்து கேட்குமா’ என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் போட்ட கோட்டைத்தான் நம் ஆசிரியர் ஆரோக்கியத்தின் எல்லை என்று நினைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாளில் எண் மட்டும்தான் அச்சாகியிருந்தது, கேள்வி அச்சாகவில்லை.

கோடும் நகரும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு 2017இல் பெரியவர்களுக்கு 40 என்று வைத்தது. 2024 நவம்பரில், மற்ற இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து எழுதிய புது வழிகாட்டியில் அது 50. நாற்பத்தைந்து வந்த ஒருவர் ஒரே இரவில் கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். மூச்சு மாறவில்லை. தவறாக ஆஸ்துமா என்று சொல்லிவிடும் ஆபத்தா, ஆஸ்துமாவைத் தவறவிடும் ஆபத்தா, எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்ற முடிவு மாறியது. அது அறிவியல் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல.

வேறொரு மூச்சுப் பரிசோதனையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். விடும் மூச்சைக் குளிர்ந்த குழாய் வழியே செலுத்தினால், காலையில் கண்ணாடி ஜன்னலில் படிவது போல ஈரம் படியும். பத்து நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டால் ஒன்றிரண்டு மில்லி சேரும். அது புளிப்பா காரமா என்று பார்க்கலாம். 2000இல் அமெரிக்காவில் ஜான் ஹன்ட் குழுவினர், கடும் ஆஸ்துமாவோடு வந்தவர்களிடம் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 5.23 என்றும், ஆரோக்கியமானவர்களிடம் 7.65 என்றும் கண்டார்கள். அந்தத் துறையே பரபரத்தது. ஆனால் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்த நீரில் கரைந்து புளிப்பாக்குகிறது. அதை ஆர்கான் வாயு செலுத்தி விரட்டினால், ஆரோக்கியமானவர்களின் அளவு 8ஐ ஒட்டி வந்து நிற்கிறது. வாயிலிருந்து வரும் அம்மோனியா வேறு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சேகரிப்பதற்கும் விரட்டுவதற்கும் எல்லோரும் ஏற்கும் ஒரே முறை அமையாததால், அழகான அந்தப் பரிசோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. வலியில்லாத, ஊசியில்லாத, கைக்குழந்தைக்குக்கூடச் செய்யக்கூடிய ஒன்று. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், சென்னையின் ஆரோக்கியமான இளம் வயதினரை ஸ்பைரோமீட்டரில் ஊத வைத்து, அவர்களுக்கான கணக்கை 1990இல் ‘தோராக்ஸ்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஐரோப்பியக் கணக்கு நம் மக்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதை வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் ஆளைக் கூட்டி அளந்து காட்டிய வேலை. இதற்குப் பிறகு, 2012இல் உலக நுரையீரல் கணக்கு என்று ஒன்று வந்தது. 26 நாடுகள், 74,187 பேர், மூன்று வயது முதல் தொண்ணூற்றைந்து வரை. பிரம்மாண்டமான உழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இந்தியத் துணைக்கண்டத்து மக்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. நாம் ‘மற்றவர்கள், கலப்பு’ என்ற கடைசிப் பெட்டியில் போய் விழுந்தோம். கணக்குப் போட்டவர்கள் நம்மை ஒதுக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என நான் நம்பவில்லை. பொருந்தும் கணக்கை அவர்கள் கையில் நாம் கொடுத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு கணக்கைத் தயாரிக்க, ஒரு குழுவுக்குக் குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது லேப் உலகத்தின் பழைய விதி. ஆண், பெண். குழந்தை, பதின்வயது, நடுவயது, முதியவர். எட்டுக் குழு. எட்டு நூற்றிருபது 960. மூக்கு ஒவ்வாமையைத் தனியாக எண்ணினால் அதைப் போல இரண்டு மடங்கு. இது ஒரு மாவட்டத் தலைநகரின் கல்லூரிகளும் ஊராட்சிகளும் மனது வைத்தால் முடிகிற வேலைதான்.

ஆசிரியருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்கு வாரம் கழித்து, பீட்ரூட் இல்லாமல், மூக்குக்கு மருந்து அடித்துக்கொண்டு வந்து ஊதினார். 38. ஐம்பதுக்குக் கீழே இருப்பவருக்குப் பத்து பிபிபிக்கு மேலும், ஐம்பதுக்கு மேலே இருப்பவருக்கு 20 சதவீதமாவதும் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்பது விதி. ஐம்பத்திரண்டில் 20 சதவீதம் பத்துக்குச் சற்று மேல். இவருக்குப் பதினான்கு குறைந்திருந்தது. இந்த இரண்டு தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாளைக்கு ஒருவேளை அவருக்கு இருமல் வந்தால், அமெரிக்காவின் 13,275 பேரை விட அந்த இரண்டு தாள் எனக்கு அதிகம் உதவும். நீங்களும் உங்கள் பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை ஊதப் போகும்போது எடுத்துப் போங்கள். ஊதும் முன் என்ன சாப்பிட்டீர்கள், புகைக்கிறீர்களா, தும்மல் உண்டா என்று யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இனி கடைசி வரிசை. உங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை, மருந்து சாப்பிடுவதில்லை, புகைப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறேன். வைத்தியத்துக்கு நீங்கள் எங்களுக்குத் தேவையில்லை, கணக்குக்குத் தேவை. மருத்துவக் கல்லூரியிலோ ஆய்வு மையத்திலோ ‘ஆரோக்கியமானவர்கள் தேவை’ என்று அறிவிப்பு ஒட்டியிருந்தால் கடந்து போய்விடாதீர்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டு, படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு உட்காருங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். முதியவர்களின் பெட்டிதான் எப்போதும் காலியாகக் கிடக்கும். ஊசி கிடையாது. பத்து விநாடி ஊத வேண்டும், மெதுவாக.